அடியெடுத்துக் கொடுத்தல்: எழுத்துத் தடை பற்றிய ஒரு தமிழ்ப் பார்வை

எழுதுவதற்குரிய பொருளும் மொழித்திறனும் இருந்தும் எழுத்து நகராமல் நின்றுவிடும் நிலையை இன்று எழுத்துத் தடை என்கிறோம். உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் 1940களில் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டு, அடிமனச் சிக்கலே அதன் காரணம் என்றார். பெயர் நிலைத்த அளவிற்கு அவருடைய விளக்கம் நிலைக்கவில்லை. தமிழ் மரபில் இந்நிலைக்குத் தனிப்பெயர் வழங்கியதாகத் தெரியவில்லை. எனினும், அது நீங்குவதைச் சுட்டும் தொடர் ஒன்று உண்டு. 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்பதே அது. அருள் நிகழ்ச்சிகள் என்ற அளவிலேயே நாம் படித்தும் கற்பித்தும் வந்துள்ள இக்கதைகளில், எழுதத் தொடங்குவதன் இடர் பற்றிய கூர்மையான அவதானிப்புகள் பொதிந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருத்து. அவற்றின் வரலாற்று உண்மை இங்கு ஆய்வுக்குரியதன்று.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தை முதலில் நோக்கலாம். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை அடிமையோலை காட்டித் தடுக்கிறார் முதிய அந்தணர் ஒருவர். சுந்தரர் அவரைப் பித்தன் என்று இகழ்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் தீர்ந்து, வந்தவர் இறைவன் எனத் தெளிந்தபின், பாடுமாறு கட்டளை பிறக்கிறது. எவ்வாறு பாடுவது என்று அறியாமல் சுந்தரர் திகைத்து நிற்கிறார். அப்போது இறைவன் புதிய சொல் எதனையும் தரவில்லை. தம்மைப் பித்தன் என்று அவர் முன்னரே அழைத்ததை நினைவூட்டி, அப்பெயராலேயே பாடச் சொல்கிறார். சுந்தரர் நாவிலிருந்து சினத்தில் வெளிப்பட்ட வசைச்சொல்லே பதிகத்தின் முதற்சொல்லாகிறது.

உரையாசிரியர்கள் இதனை இறைவனின் எளிமைக்குச் சான்றாகக் காட்டுவர். அது பொருந்துவதே. ஆயினும் பதிகத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குமிடத்து வேறொன்றும் புலனாகிறது. அவையில் 'நான் அடிமையல்லேன்' என்று வாதிட்டவர், இனி அவ்வாறு மறுத்தல் தகுமோ என்ற கருத்தைப் பாடல்தோறும் இறுதியில் வைக்கிறார். தொடக்கச் சொல்லும் முடிவுத் தொடரும் அன்று நடந்த வழக்கிலிருந்தே பிறந்தவை. எதனை எழுதுவது என்று திகைத்தவருக்குத் திகைப்பிற்கு முந்தைய பூசலே பாடுபொருளாயிற்று.

சேக்கிழாரின் நிலை வேறு. அவரிடம் பொருள் நிரம்ப இருந்தது. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அடியார்களின் பெயர் வரிசையைத் தந்தது. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி அதனை விரித்திருந்தது. இல்லாதது நுழைவாயில் ஒன்றே. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம், தில்லையில் 'உலகெலாம்' என்ற சொல் அசரீரியாக எழுந்ததாகக் கூறுகிறது. இச்சொல்லும் புதியதன்று. திருமுருகாற்றுப்படை, வளையாபதி முதலியன 'உலகம்' என்றே தொடங்கியுள்ளன. தமிழ் கற்ற எவரும் அறிந்த மங்கலச் சொல்லை வழங்குவதற்கு வானொலி எதற்கு? அறிந்த சொல்லாயினும், அதைக் கொண்டு தொடங்கலாம் என்னும் இசைவு வேண்டியிருந்தது போலும். அவ்விசைவு கிடைத்ததும் காப்பியம் விரிந்து, அதே சொல்லில் முடிகிறது.

இசைவு வேண்டியிருந்ததன் காரணத்தைப் பாட்டியல் நூல்களில் காணலாம். மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் எனப் பத்துப் பொருத்தங்களை அவை முதற்சீருக்கு விதித்தன. உண்டிப் பொருத்தத்தில் அமுத எழுத்தும் நச்செழுத்தும் உண்டு. தவறான எழுத்தில் தொடங்கினால் பாட்டுடைத் தலைவனுக்கே கேடு! இத்தனை விதிகள் காத்திருக்கும் வாயிலில் எவர்தாம் தயங்கமாட்டார்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பயின்ற பத்து மாணவர்களை ஆராய்ந்து மைக் ரோஸ் 1980இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. எழுத முடியாமல் தவித்த ஐவரும் நெகிழ்வற்ற விதிகளையோ திட்டங்களையோ பற்றியிருந்தனர். தடையின்றி எழுதிய ஐவரும் விதிகளைச் சூழலுக்கேற்பத் தளர்த்தினர். தடையை ஆற்றல் குறைவாகக் காணும் நம் வழக்கத்தை இம்முடிவு கேள்விக்குள்ளாக்குகிறது.

நம் வகுப்பறைகளின் நிலை என்ன? மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் குறளோ பழமொழியோ கொண்டு தொடங்கும் மனன முன்னுரை மறையவில்லை. இதனையும் அடியெடுத்துக் கொடுத்தல் என்று ஆசிரியர் சிலர் கருதக்கூடும். இரண்டும் ஒன்றல்ல. சுந்தரருக்குக் கிடைத்தது அவருடைய சொல். மாணவருக்குக் கிடைப்பது எவருடையதோ ஆன பத்தி. அப்பத்தி முடிந்த இடத்தில் அவர் மீண்டும் வெற்றுத்தாளின் முன் நிற்கிறார். தலைப்பைப் பற்றி மாணவர் முணுமுணுப்பாகக் கூறும் முதல் மறுப்பையோ சலிப்பையோ எழுதச் செய்யும் ஆசிரியர்தாம் திருவெண்ணெய்நல்லூர் முறைக்கு நெருங்கியவர்.

கந்தபுராணம் பற்றிய கதை இவற்றுள் மிகவும் சுவையானது. கச்சியப்ப சிவாசாரியார் நாள்தோறும் நூறு பாடல்கள் இயற்றி, இரவில் குமரகோட்டத்துக் கருவறையில் வைப்பார் என்றும், காலையில் அவை திருத்தப்பட்டிருக்கும் என்றும் கூறுவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூல் உருவான விதமாக மரபு கூறுவது இது: பகலில் எழுதுவது அவர் பணி, திருத்துவது அவர் பணியன்று. ஆய்வேடு எழுதும் நம் மாணவர்கள் எழுதும் கையாலேயே ஒவ்வொரு வரியையும் அடித்து, முதல் இயலிலேயே ஓராண்டைக் கழித்துவிடுவதை மேற்பார்வையாளர்கள் அறிவர்.

அரங்கேற்றத்தில் 'திகட' என்ற முதற்சொல்லுக்கே மறுப்பு எழுந்தது. முருகனே எடுத்துக் கொடுத்த அடி என்று நூலாசிரியர் கூறியும் அவை ஏற்கவில்லை. புணர்ச்சிக்கு இலக்கண விதி கேட்டது. சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதி காட்டினார் என்பது கதை. மறுப்பு எழுந்த அந்நாளில் நூல் முழுமையும் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. விதியைத் தேடியது அதன் பின்னரே.