சிமெண்டுப் பெட்டி

என் நாவல் ஒன்றில், கதாநாயகன் பட்டணத்துக்கு வந்து சேரும் அத்தியாயத்தில், எல்.ஐ.ஸி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'நிமிர்த்தி வைத்த சிமெண்டுப் பெட்டி' என்று நினைத்துக்கொள்வான். எழுதியபோது நல்ல வரியாகத்தான் பட்டது. சென்ற மாதம் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார்: "ஹைகோர்ட்டைப் பற்றி இரண்டு பக்கம் உருகியிருக்கிறீர்கள். எல்.ஐ.ஸி.க்கு ஒரே வரி, அதுவும் வசை. அந்தக் கட்டடத்தின் எதிரே ஐந்து நிமிஷம் நின்று பார்த்ததுண்டா?"

உண்மையைச் சொன்னால், இல்லை. சினிமாவில் பார்த்திருக்கிறேன். கிராமத்துப் பையன் தகரப் பெட்டியோடு சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நிற்பான். அடுத்த காட்சியில் எல்.ஐ.ஸி. தெரியும். பட்டணம் வந்துவிட்டது என்று அர்த்தம். (தஞ்சாவூர்ப் பையன் எழும்பூரில் அல்லவா இறங்குவான் என்று யாரும் கேட்பதில்லை.) பஸ்ஸிலிருந்தும் நூறு தடவை பார்த்திருப்பேன். அதெல்லாம் பார்த்ததாகுமா?

ஹைகோர்ட்டைப் பற்றி எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற எனக்கு இஷ்டமில்லை. 1892-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. கீழே வழக்கு; தலைக்கு மேலே, கடலில் வருகிறவனுக்கு வெளிச்சம். இதை ஒரு நாவலாசிரியன் கற்பனையாக எழுதினால், செயற்கை என்று விமரிசகர்கள் கிழித்துவிடுவார்கள்.

ஆனால் இந்தச் சிவப்புக் கட்டடங்களின் அழகில் ஒரு வேஷம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்க்காட்டு நவாபுக்காக 1768-இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு சிஷம் என்ற இங்கிலீஷ்காரர் அதன் பக்கத்திலேயே செனட் ஹவுஸைக் கட்டத் தொடங்கி 1879-இல் முடித்தார். இந்தோ-சாரசனிக் என்று அந்தப் பாணிக்குப் பெயர். நவாபின் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவருடைய அங்கியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செனட் ஹவுஸில் அலங்காரம் கொஞ்சம் அதிகம் என்பதும் என் கட்சி. இருந்தாலும், வேஷம் கட்டியவர்களுக்கு நம் ஊர் வெயில் தெரிந்திருந்தது. தாழ்வாரத்தைச் சுற்றவிட்டுக் கூரையை உயர்த்தினார்கள். சித்திரை மாதத்து நடுப்பகலில் ஹைகோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மவுண்ட் ரோடுக்குப் போனேன். அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் என் வாயில் மவுண்ட் ரோடுதான் வருகிறது. போவதற்கு முன் கொஞ்சம் படித்தும் வைத்திருந்தேன். படித்ததே எனக்குப் பாதி தண்டனை.

இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கை 1937-இல் ஆரம்பித்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. அது எழும்பி வருவதற்குள், 1954-இல், சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டபோது உயரம் 177 அடி. இந்தியாவிலேயே அதுதான் உயரம் என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 1010-லேயே 200 அடியைத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கே மேல்மாடியில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கணக்கு எழுதவில்லை. 1975-இல் எல்.ஐ.ஸி. தீப்பிடித்து எரிந்தது. பிறகும் நின்றது.

கட்டி முடித்துப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒரு மனிதரின் ஆசையைத்தான் நான் 'பெட்டி' என்று எழுதியிருந்தேன்.

எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். அழகு என்று சொல்லமாட்டேன். கும்மட்டம் இல்லை, வளைவு இல்லை, கண் தங்குவதற்கு ஒரு பூவேலை இல்லை. ஆனால் கர்வமும் இல்லை. இப்போது முளைக்கிற கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை வாங்கி நம் முகத்தில் எறிகின்றன. இது அப்படிச் செய்யவில்லை. சுதந்திரம் வந்த புதிதில், 'நாமும் உயரமாகக் கட்டலாம்' என்று கூச்சத்தோடு எழுந்து நின்ற பிள்ளையைப்போல நின்றது. ஹைகோர்ட்டு நம்மை ஆண்டவர்களின் கனவு. இது நம்முடையது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-இல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு அதுவும் எல்.ஐ.ஸி.யின் சொத்தாயிற்று. 2006-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். பழமையில் அக்கறையுள்ளவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இடிக்கக் கூடாது என்று 2010-இல் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு பழைய கட்டடம் இன்னொரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றியது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று நானும் நண்பர்களோடு காப்பி குடித்துக் கொண்டாடினேன்.

அதே வருஷம்தான் திருவல்லிக்கேணியில் எங்கள் பாட்டனார் வீட்டை அடுக்குமாடிக்காரரிடம் ஒப்படைத்தோம். கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் நானும் ஒருவன். நீளத் திண்ணை, முற்றம், தேக்குத் தூண் நான்கு. தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவது அந்தத் திண்ணையில்தான்; யாரையும் கேட்கமாட்டாள். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எனக்கு ஒரு பங்கு பணம் வந்தது, வாங்கிக்கொண்டேன். தங்கையின் கல்யாணக் கடன் இருந்தது என்பது உண்மை. கடன் இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதும் உண்மை. அந்த வீட்டுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் எதிர்க்கட்சியில் நான் நின்றிருப்பேன்.

1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி என் தகப்பனார் சொல்லிச் சொல்லி, நானும் அங்கே பழைய புஸ்தகம் வாங்கியவன் போலவே பேசிவருகிறேன். எரிந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயசு. போனதை நேசிப்பதில் செலவே கிடையாது. நிற்பதை நேசிக்கத்தான் பங்குப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடிதம் எழுதிய அன்பருக்குப் பதில் போட்டுவிட்டேன். நாவலின் அடுத்த பதிப்பில் 'சிமெண்டுப் பெட்டி' இருக்காது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன், இன்னும் அகப்படவில்லை. பதிப்பகத்தார் அவசரப்படுத்துகிறார்கள்.