வாய்நீரும் திருமஞ்சனமும்

கண்ணப்ப நாயனார் வரலாற்றை அறியாத தமிழாசிரியர் இலர். ஐந்தாம் ஆறாம் ஆண்டுச் சிறுவரும் அதனைக் கதையாகச் சொல்ல வல்லவர். ஆயினும், அவ்வரலாற்றை நாம் வகுப்பிலே எவ்வாறு சொல்லி முடிக்கின்றோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சடங்கு பொய், அன்பே மெய். சிவகோசரியார் தோற்றார், திண்ணனார் வென்றார் என்று முடிப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கின்றது. மேடையிலும் இம்முடிபுக்கே கைத்தட்டல் மிகுதி. ஆனால், சேக்கிழார் இவ்வாறுதான் முடித்தாரா? இல்லை என்பதே நமது கருத்து. அதனை அந்நூலைக் கொண்டே காட்ட முயல்வோம்.

சேக்கிழார் பெரியபுராணத்தை 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் இயற்றினார். கண்ணப்பர் கதை அவர் புதிதாகப் படைத்ததன்று. நக்கீரதேவர், கல்லாடதேவர் ஆகியோர் பெயரால் இரண்டு திருமறங்கள் 11ஆம் திருமுறையிலே உள்ளன. மாணிக்கவாசகரும் கண்ணப்பரின் அன்புக்குத் தம் அன்பு ஈடாகாது என்று இரங்கிப் பாடியுள்ளார். முன்னரே வழங்கிய வரலாற்றைச் சேக்கிழார் 180க்கு மேற்பட்ட பாடல்களாக விரித்தார். ஆகவே, அவர் எவற்றை விரித்தார் என்று நோக்கினால் அவர் உள்ளம் நமக்கு விளங்கும்.

முதலாவதாக, வேடர்க்கும் சடங்கு உண்டு என்பதை அவர் மறவாமற் காட்டுகின்றார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரிலே நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார் வில்லைக் கையிலெடுக்கும் நாள், ஒரு பெருவிழாவாகச் சொல்லப்படுகின்றது. கன்னிவேட்டைக்குப் புறப்படுமுன் தேவராட்டி வந்து காட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டு வாழ்த்துகின்றாள். இவற்றைச் சேக்கிழார் எள்ளி நகையாடவில்லை. பிறழாத முறையோடு நிகழும் மங்கல வினைகளாகவே பாடுகின்றார். எனவே, திண்ணனார் சடங்கு அறியாத மனிதர் அல்லர். வேறொரு சடங்கு அறிந்த மனிதர்.

இனி மலைக்கு வருவோம். பன்றியைத் துரத்திய திண்ணனார் பொன்முகலி ஆற்றைக் கடந்து காளத்தி மலையேறிக் குடுமித்தேவரைக் கண்டார். கண்டதும் உள்ளம் உருகித் தழுவினார். பின்னர், இறைவன் முடிமேல் நீரும் இலையும் பூவும் இருத்தலைக் கண்டு, இவ்வாறு செய்தவர் யாவர் என்று வினவினார். உடன்வந்த நாணன் விடை சொன்னான். முன்னொரு நாள் நாகனுடன் வேட்டைக்கு வந்தபோது, ஓர் அந்தணர் இவர்மீது குளிர்ந்த நீரைச் சொரிந்து, இலையும் பூவும் சூட்டி, உணவு படைத்து, சில சொற்களைச் சொல்லக் கண்டதாகக் கூறினான். அதனைக் கேட்ட திண்ணனார், அதுவே இறைவனுக்கு இனிய செய்கை என்று கடைப்பிடித்தார்.

அடுத்து அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். பழைய பூவை நீக்கினார், நீராட்டினார், பூச்சூட்டினார், அமுது படைத்தார், இரவு முழுதும் வில்லேந்திக் காவல் நின்றார். முறையான பூசையில் வரும் வரிசையும் ஏறக்குறைய இதுவே அன்றோ! வரிசையில் பிழை இல்லை, கருவியில்தான் வேறுபாடு. பூவை நீக்கியது செருப்பணிந்த கால். நீர் வந்தது வாயில். பூ வந்தது தலைமயிரில். அமுது வந்தது தேக்கிலைக் கல்லையில். ஏன் இவ்வாறு நேர்ந்தது? ஒரு கையில் வில்லும் அம்பும். மற்றொரு கையில் ஊனமுது. விலங்கு திரியும் காட்டில் வில்லைக் கீழே வைத்தல் இயலாது. இரண்டு கையும் நிறைந்த ஒருவன் நீரையும் பூவையும் வேறு எங்கே சுமப்பான்? ஊனைச் சுவைத்துப் பார்த்ததும், சுவையற்றதை விலக்கி நல்லதைத் தேர்ந்து கொடுப்பதற்கே. புறத்தே பிழையாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்குமாறு சேக்கிழார் பாடியிருத்தல் நோக்கத்தக்கது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திண்ணனாருக்கு வழிபடும் முறையைக் கற்பித்தவர் யார்? நாணன் அன்று, நாணன் கண்ட அந்தணரே. அவரைச் சிவகோசரியார் என்றே கொள்வதில் தடையொன்றும் இல்லை. அவ்வாறாயின், சிவகோசரியார் தாம் அறியாமலே ஒரு மாணவனைப் பெற்றவராகின்றார். அம்மாணவனும் ஆசிரியரை அறியான். உள்ளத்தில் ஊறிய அன்பு வெளிப்பட ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியைக் கொடுத்தது அவ்வந்தணர் நாள்தோறும் தவறாமற் செய்துவந்த பூசை. சடங்கு அங்கே அன்புக்குப் பகையாக நிற்கவில்லை. அன்புக்கு எழுத்தறிவித்ததே சடங்குதான். ஆனால், தாம் கற்பித்த பாடமே வேறொருவர் வாயில் வேறொரு வடிவில் திரும்பி வந்தபோது, ஆசிரியருக்கு அது தம் பாடம் என்று தெரியவில்லை. எலும்பையும் ஊனையும் கண்டு பதறினார். துடைத்துத் தூய்மை செய்து மீண்டும் பூசித்தார். நாள்தோறும் இவ்வாறே நிகழ்ந்தது.

சிவகோசரியாரைச் சேக்கிழார் எங்கேனும் இழித்துரைத்தாரா? இல்லை. அவரைத் தவமுனிவராகவே காட்டுகின்றார். ஐந்தாம் நாள் இரவு இறைவன் கனவில் வந்தது அவரிடத்தில்தான். திண்ணனார்க்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. விளக்கம் வேண்டியிருந்தவர் கற்றறிந்த சிவகோசரியார். அன்பு நிறைந்த கலத்திலிருந்து ஒழுகுவதால் அவ்வேடன் வாய்நீர் கங்கை முதலிய தீர்த்தங்களினும் தூயது என்னும் கருத்துப்பட இறைவன் உணர்த்தினான். நாளை மறைந்திருந்து காண் என்றும் பணித்தான். ஆறாம் நாள் ஒரு கண்ணை அப்பி, மற்றொரு கண்ணையும் அகழ முற்பட்ட திண்ணனாரின் அன்பை நேரிற் கண்டவர் சிவகோசரியார் ஒருவரே. தோற்றவர்க்கு இறைவன் இத்துணைப் பெரும்பேற்றை அளிப்பானா? ஆகவே, இவ்வரலாறு சடங்கறிந்தாரைத் தள்ளுவதற்காகப் பாடப்பட்டதன்று. அவர்க்குக் கண்கொடுப்பதற்காகப் பாடப்பட்டது.

இது நமது கற்பனையோ என்று ஐயுறுவார்க்கு, அதே நூலில் மற்றொரு சான்று உண்டு. சாத்தமங்கையில் வாழ்ந்த திருநீலநக்க நாயனார் வேதநெறி வழுவாது பூசை புரிந்த அந்தணர். ஓர் ஆதிரை நாளில் அயவந்தித் திருக்கோயிலில் அவர் வழிபட்டிருக்கையில், சிலந்தியொன்று சிவலிங்கத்தின்மேல் வீழ்ந்தது. அருகிருந்த மனைவியார், குழந்தையின்மேற் சிலந்தி விழக்கண்ட தாயைப்போல் அஞ்சி, வாயால் ஊதி அதனைப் போக்கினார். எச்சில் பட்டது என்று சினந்த நாயனார், அவ்வம்மையாரைத் துறந்தேன் என்று சொல்லி, அவரைக் கோயிலிலேயே விட்டு மனைக்குச் சென்றார். அன்றிரவு கனவில் இறைவன் தன் திருமேனியைக் காட்டினான். அம்மையார் வாய்நீர் பட்ட இடம் ஒழிய, ஏனைய இடமெல்லாம் சிலந்தி நஞ்சால் கொப்புளமாக இருந்தது. நாயனார் அழுது தொழுது, விடிந்ததும் சென்று மனைவியாரை அழைத்துவந்தார்.

காளத்தியிலும் வாய்நீர், அயவந்தியிலும் வாய்நீர். அங்கும் கனவு, இங்கும் கனவு. இரண்டிடத்தும் கனவு கண்டவர் முறையறிந்த அந்தணரே. இன்னொன்றையும் கருதுக: அறுபத்துமூவருள் ஒருவராகப் போற்றப்படுபவர் சினந்த நீலநக்கர். சினத்தை மாற்றிக்கொள்ள அறிந்த சடங்கறிஞரை நாயன்மாராக வணங்குகின்றது அந்நூல். அவர் மாறினார் என்பதற்கும் சான்று தருகின்றது. திருஞானசம்பந்தர் அவர் மனைக்கு எழுந்தருளியபோது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் துணைவியார்க்கும் தங்க இடம் தருமாறு கேட்டார். அக்காலச் சமுதாயம் தாழ்த்தி வைத்த குலத்தினர் பாணர். நீலநக்கர் அவர்க்குத் தம் மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகே இடம் கொடுத்தார். தீ வலஞ்சுழித்து ஓங்கியது என்கின்றார் சேக்கிழார். எச்சில் பட்டதற்கு மனைவியைத் துறந்தவர் செய்த செயல் இது!

இதற்கு மாறாக ஒரு தடை எழுப்பலாம். திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை மோந்த அரசியின் மூக்கைச் செருத்துணையார் அறுத்தார். அவள் கணவராகிய கழற்சிங்கர் கையைத் துணித்தார். இருவரும் நாயன்மாரே. பூவைக் காலால் தள்ளியவர்க்கு வீடு, மோந்தவளுக்குத் தண்டனை என்பது முரண் அன்றோ? அத்தண்டனையின் கடுமையை இன்று நம் நெஞ்சம் ஏற்பதில்லை. அதனை மறைக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும், நூலின் அளவுகோல் ஒன்றே என்பது தெளிவு. அரசி மோந்தது தன் இன்பத்திற்கு; திண்ணனார் சுவைத்தது இறைவன் இன்பத்திற்கு. எப்படிச் செய்தாய் என்பதற்கு முன், யாருக்காகச் செய்தாய் என்று கேட்கின்றது பெரியபுராணம்.

இவ்வளவுகோலைச் சோம்பலுக்குத் துணையாக்குதலும் தவறு. அன்பு போதும், முறை எதற்கு என்பார் திண்ணனாரின் உழைப்பை நோக்கட்டும். பகலெல்லாம் வேட்டையாடி, இரவெல்லாம் கண்துஞ்சாது நின்றவர் அவர். திருநின்றவூர்ப் பூசலாரும் அத்தகையரே. பொருள் இல்லாத அவர் மனத்தினுள் கோயில் எழுப்பியபோது, நாள் பார்த்தார், அடிநிலை இட்டார், விமானமும் மதிலும் கிணறும் குளமும் முறைப்படி அமைத்தார், குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். கல்லில்லாத கோயிலிலும் அவர் ஒரு முறையையேனும் குறைக்கவில்லை. கருவி இல்லாமையை அன்பு நிரப்பும். அக்கறை இல்லாமையை எதுவும் நிரப்பாது.

இனி, இஃது இந்நாட்டு ஆசிரியராகிய நமக்கு எவ்வாறு பொருந்தும்? சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி முறையிலும் இங்கு வந்த நம் முன்னோர், தோட்டத்து மரத்தடியில் கல்லையும் சூலத்தையும் நட்டு வழிபட்டனர். அவர்க்கு ஆகமம் தெரியாது, மந்திரம் தெரியாது, இரண்டு கையும் நிறைய வேலை இருந்தது. அவ்விடங்கள் பலவற்றில் இன்று கோபுரமும் குடமுழுக்கும் வந்துள்ளன. அது வளர்ச்சியே. ஆனால், பழைய வழிபாட்டை நினைத்து நாணுகின்ற மனமும் அதனோடு வந்திருக்குமானால், நாம் சிவகோசரியார் கனவு காண்பதற்கு முன்னிருந்த நிலையிலேயே நிற்கின்றோம்.

பள்ளியிலும் இதுவே. திருமுறை ஓதும் விழாவுக்குச் சிறுவரைப் பயிற்றும்போது, பண்ணும் ஒலிப்பும் திருந்த வேண்டும், ஐயமில்லை. ழகரம் வராத பிள்ளைக்கு ழகரம் வரும்வரை சொல்லிக்கொடுத்தல் நம் கடமை. ஆனால், நாவு திருந்தவில்லை என்று அப்பிள்ளையைத் தேவார வகுப்பிலிருந்தே விலக்கிவைப்பது, வாய்நீர் பட்டது என்று துறப்பதை ஒக்கும். உருகி ஓதும் பிள்ளையின் ஓசையில் பிழை இருக்கலாம்; அது நாம் கற்பித்த பாடம் திரும்பி வருவதே. அடையாளம் கண்டுகொள்ள வேண்டியவர் நாம்.

ஆகவே, அன்பார்ந்த ஆசிரியர்காள்! அடுத்த முறை கண்ணப்பர் பாடத்தை நடத்தும்போது, யார் வென்றார் என்று கேளாது, திண்ணனாருக்கு வழிபடக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் பிள்ளை, திண்ணனாரையும் வணங்கும், சிவகோசரியாரையும் பழிக்காது. சேக்கிழார் கருத்தும் அதுவே என்பது நமது துணிபு.