பாட்டும் எழுத்தும்

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1987இல் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரச கரும மொழியாக்கிற்று. தோட்டத் தொழிலாளரின் வாய்மொழியை இலக்கியமெனப் போற்றிய அந்நூலுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது: பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதனைப் படிக்க இயலுமா?

தெரணியகலைத் தோட்டங்களைச் சுற்றியிருப்பவை சிங்களக் கிராமங்கள். லயத்துப் பிள்ளை வீட்டில் தமிழும் கடைவீதியில் சிங்களமும் பேசி வளர்கிறது. இஃது இழப்பன்று, செல்வமே. அயலாரின் மொழியறிவு உழைப்பாளர் ஒற்றுமைக்கும் துணையாகும். தமிழில் மேல்வகுப்புப் படிக்கத் தொலைதூரம் செல்லவேண்டியிருக்க, சிங்களப் பாடசாலை அருகிலிருக்கும் இடத்தில்தான் இழப்பு தொடங்குகிறது. அங்கே பிள்ளையின் தமிழ் பேச்சோடு நின்றுவிடுகிறது. எழுத்து முழுவதும் சிங்களமாகிறது. விடியலில் இறப்பர்ப் பால் வெட்டச் செல்லும் தாயை இதற்காகப் பழிப்பது அறமாகாது. அவளுக்கு வேறு வழி விடப்படவில்லை.

சி. வி. ஆங்கிலத்தில் கவிதை புனைந்தார். தமிழில் ‘வீடற்றவன்’ என்னும் நாவலைத் தந்தார். இரு மொழியிலும் எழுத்தறிவு பெற்றிருந்தமையால் ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. அந்த வாய்ப்பே நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்படுகிறது.

பாட்டை ஏட்டில் காப்பது பாதிப் பணியே. தமிழ்ப் பாடசாலைகளுக்கு மேல்வகுப்புகளும் ஆசிரியர்களும் வேண்டுமென நாம் போராட வேண்டும். அதுவரை, மாலையில் அரைமணி நேரம் லயத்து வாசலில் அமர்வோம். பாட்டி பாடட்டும், பேத்தி அதனைத் தமிழில் எழுதட்டும்.