மண் கோட்டை

கயத்தாற்றில் பிறந்தவனுக்கு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெறும் சினிமா அல்ல. சொந்த ஊர்ச் சங்கதி. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டது எங்கள் ஊரில்தான். படம் வந்தது 1959-இல். நான் பிறந்தது வெகுகாலம் கழித்து. ஆனாலும் கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டினால் சிவாஜியின் குரல் கேட்டாக வேண்டும். ஜாக்ஸன் துரையிடம் அவர் பேசும் வசனத்தைத் தடங்கலின்றி ஒப்பிக்கத் தெரியாத பையனுக்கு எங்கள் விளையாட்டில் இடம் கிடையாது.

2015-இல் அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடியும் திரையிட்டார்கள். பழைய சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து போனோம். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் மெல்லச் சொன்னான்: "ஏ மாப்ளே, இதுல நம்ம ஊரையே காணோமே!"

வாஸ்தவம்தான். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தில் இன்றும் சூடு ஆறவில்லை. சிவாஜியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் போர்க்காட்சிகளை டைரக்டர் பந்துலு ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் எடுத்தார். குதிரைகள் பாய்வது ராஜபுத்திர மண்ணில். எங்கள் கரிசல் வெடிப்பும் உடைமரமும் அங்கே ஏது? பிள்ளைப் பிராயத்தில் காது நிறைந்திருந்தது. கண் எதையும் தேடவில்லை.

சினிமாவுக்குப் பகட்டு வேண்டும் என்பீர்கள். வேண்டியதுதான். ஆனால் இங்கே பகட்டு, கதையையே சின்னதாக்கிவிட்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் ஆனது. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி பானர்மனின் கும்பினிப் படை அதைத் தாக்கி, அதிகாரிகளையும் பறிகொடுத்துப் பின்வாங்கியது. கட்டபொம்மனுக்குப் பின் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1801-இல் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, அதே இடத்தில் அதே மண்ணைக் குழைத்து மறுபடி எழுப்பினார். மார்ச் மாதம் அதைத் தாக்கித் தோற்ற கும்பினிக்கு, பிடிப்பதற்கு மே மாதம் ஆயிற்று.

மண் சுவரை நம்பிப் பீரங்கிக்கு எதிரே நின்றார்களே, அதைக் காட்ட எந்த அரண்மனை செட்டும் தேவையில்லை. அந்தச் சுவரை ஒருமுறை காட்டியிருந்தால், வசனம் பாதி போதும்.

சிவாஜிமேல் எனக்கு வருத்தமில்லை. கயத்தாற்றில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1970-இல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவர் அவர். படம் வராத இடத்துக்கு நடிகர் வந்து சேர்ந்துவிட்டார். இனி யாராவது அந்தக் கதையை எடுப்பதானால், முதலில் மழைக்கு மறுநாள் எங்கள் காட்டில் இறங்கி நடக்கட்டும். செருப்பில் ஒட்டும் கரிசலைத் தட்டிவிடாமல் படப்பிடிப்புக்குப் போகட்டும்.