காரை உருண்டைக் கல்லை எப்படிப் பார்ப்பது?

ஆண்டிமடம் முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் இந்தக் கல்லைத் தேடிப் பயனில்லை; அங்கே இருப்பது வயதில் இளைய கடலூர் மணற்பாறை. அரியலூரைத் தாண்டி மேற்கே போகப் போகப் பாறையின் வயது கூடும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், மழைநீர் அரித்த பொட்டல் மேடுகளில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்சேறு களிப்பாறையாக வெளியே தெரிகிறது. அதில் பதிந்திருக்கும் உருண்டைக் கல்லைக் கண்டதும் உள்ளே அம்மோனைட் புதைபடிவம் இருக்குமா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். ஒன்றுமே இல்லாத கல்லும் பார்க்கத் தகுந்தது என்பது என் கட்சி. அதில் சுண்ணாம்பு எவ்வளவு, களி எவ்வளவு என்ற கணக்கிலேயே அது பிறந்த நேரம் இருக்கிறது.

கடலடியில் புதிதாகப் படியும் சேற்றின் கன அளவில் முக்கால் பங்குகூட நீராக இருக்கலாம். மேலே பாரம் ஏற ஏற அது பிழியப்பட்டுவிடும். அதற்கு முன்பே, மட்கும் உயிர்ப்பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்துப் பைகார்பனேட்டை வெளியிட்டால், அது கால்சியத்தோடு சேர்ந்து, நீர் இருந்த இடுக்குகளில் கால்சைட்டாக இறுகும். ஆகவே கல்லின் நடுவில் கால்சைட் 70 விழுக்காடு என்றால், சேறு நசுங்குமுன்பே அது கல்லாகிவிட்டது என்று கொள்ளலாம். ஓரத்தில் அளவு குறைந்தால், நசுங்கும்போதும் வளர்ந்திருக்கிறது. இரும்பும் சாட்சி சொல்லும்: சல்பேட் இருந்தவரை அது கந்தகத்தோடு சேர்ந்து பைரைட்டாகும், சல்பேட் தீர்ந்த ஆழத்தில் கார்பனேட்டில் நுழைந்து சிடரைட்டாகும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் கால்சைட் பொங்கும், சிடரைட் லேசில் அசையாது. காரையில் பாஸ்பேட் உருண்டைகளும் உண்டு என்பதால், பொங்காததெல்லாம் சிடரைட் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இது வெறும் சுக்கான் கல், நேற்றைய மண்ணில் ஊறிய சுண்ணாம்பு என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான ஐயம்தான், வறண்ட மண்ணில் அதுவும் உருண்டு திரளும். ஆனால் களிப்பாறையின் படலங்கள் கல்லைச் சுற்றி வளைந்து போனால், பாரம் ஏறுமுன்பே கல் அங்கே கெட்டியாக இருந்திருக்கிறது. வெளியே அப்பளமாய் நசுங்கிய சிப்பி உள்ளே உருக்குலையாமல் இருந்தால் ஐயம் தீரும். இன்னொரு மறுப்பு வலுவானது: கால்சைட் இடுக்கை நிரப்பாமல் களியையே கரைத்து அதன் இடத்தைப் பிடித்திருந்தால் 70 விழுக்காட்டுக் கணக்கு பொய்த்துவிடும். உண்மை; அதனால்தான் அந்த எண்ணை மட்டும் தனியாக நம்பாமல் வளைந்த படலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஓடையில் உருண்டு கிடக்கும் கல்லில் அதற்கு வழியில்லை. சரிவில் பதிந்திருப்பதைப் பாருங்கள், பெயர்க்காமல்.