பனியும் மிட்டாயும் தைத்த கைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் 'நட்கிராக்கர்' பாலே மேடையேறாமல் இருப்பதில்லை. பெரிய குழுக்கள் வாரக்கணக்கில் ஆடுகின்றன. சின்ன நடனப் பள்ளிகள் ஏதாவது ஒரு பள்ளிக்கூட அரங்கைப் பிடித்தாவது ஆடிவிடுகின்றன. பல குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் டிக்கெட் வசூலில் பெரும்பங்கு இந்த ஒரு படைப்பிலிருந்துதான் வருகிறது. தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் முதல் அரங்கேற்றத்தில் விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கிய படைப்பு இது. அரை நூற்றாண்டு கழித்து, வேறொரு கண்டத்தில், போர்க்கால நெருக்கடிக்கு நடுவேதான் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. இதைக் காப்பாற்றியது சைக்கோவ்ஸ்கியின் இசை என்பார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் என் கணக்கில் பாதிப் பெருமை தையற்கூடத்துக்குப் போக வேண்டும்.

காரணம் கதையிலேயே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, ஜெர்மனியில் ஒரு வீடு. ஞானத்தந்தை டிராசல்மையர் கொட்டை உடைக்கும் மரப்பொம்மை ஒன்றைச் சிறுமிக்குப் பரிசளிக்கிறார். நள்ளிரவில் கிறிஸ்துமஸ் மரம் கூரையை முட்ட வளர்கிறது. எலிகளுக்கும் பொம்மைச் சிப்பாய்களுக்கும் சண்டை மூள்கிறது. சிறுமி தன் செருப்பைக் கழற்றி எலி ராஜாவின் மேல் வீச, பொம்மை இளவரசனாகிறது. இருவரும் பனி பெய்யும் காட்டைக் கடந்து மிட்டாய் நாட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. இரண்டாம் பாகம் முழுக்கச் சாக்லேட், காபி, தேநீர், பாதாம் இனிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து ஆடிவிட்டுப் போகும். மோதல் இல்லை, திருப்பம் இல்லை. அப்படியிருக்க, ஒருத்தி மேடைக்கு வந்த முதல் நொடியிலேயே அவள் சர்க்கரையா பூவா பனியா என்பதை ஆடைதான் சொல்லியாக வேண்டும். பாலே உலகில் உடைக்கு இவ்வளவு பொறுப்பைச் சுமத்திய படைப்பு வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கு விதை போட்டவர் ஓர் அதிகாரி. ரஷ்ய அரசவை நாடக அரங்குகளின் இயக்குநராக இருந்த இவான் விசெவலோஜ்ஸ்கி முன்பு பாரிஸ் தூதரகத்தில் பணியாற்றியவர்; படம் வரையத் தெரிந்தவர். 'தூங்கும் அழகி' பாலேவுக்கு 1890இல் உடைகளை வரைந்த அதே கையால் 'நட்கிராக்கர்' உடைகளையும் வரைந்தார். ஹோஃப்மன் 1816இல் எழுதிய கொஞ்சம் இருண்ட கதையை அலெக்சாந்தர் டூமா பிரெஞ்சில் இனிப்பாக்கித் திருப்பி எழுதியிருந்தார். பாலேவுக்கு எடுத்துக்கொண்டது அந்த இனிப்பைத்தான். விருந்தாளிகள் சிலர் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய பாரிஸின் ஆடம்பரப் பிரியர்களைப் போல, மிகைப்படுத்திய கழுத்துப்பட்டையும் மெல்லிய கவுனுமாக வர வேண்டும் என்பது வரை திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தது. நூறாண்டுக்கு முந்தைய ஃபேஷனை வேடிக்கை பார்க்கும் ஒரு மேட்டுக்குடி ரசனை அது.

நடன ஆசான் மாரியஸ் பெத்திபா இசைக்குத் தந்த குறிப்புகள் தையற்காரர் அளவெடுப்பது போல இருக்கும். மரம் வளர இத்தனை தாளக்கட்டுகள், மிட்டாய் நாட்டுச் சர்க்கரைத் தேவதையின் தனி நடனத்தில் நீரூற்றின் துளிகள் தெறிக்கும் ஒலி என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் துளிகளுக்காகத்தான் சைக்கோவ்ஸ்கி பாரிஸில் கேட்ட செலஸ்டா என்ற புதுக் கருவியை, மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்ளாதபடி இரகசியமாக வரவழைத்தார். பெத்திபா நோய்வாய்ப்பட, நடனங்களை லெவ் இவானோவ் அமைத்தார். 1892 டிசம்பர் 18ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில், 'இயோலாந்தா' என்ற ஆபராவோடு சேர்ந்து ஒரே மாலையில் அரங்கேறியது. மேடையில் குழந்தைகள் அதிகம், முதன்மை நடனமணி கடைசியில்தான் தலைகாட்டுகிறாள் என்று விமர்சகர்கள் குறைபட்டார்கள்.

அவர்களும் மெச்சிய ஒன்று உண்டு: பனிக்காட்சி. புகைப்படங்கள் இருக்கின்றன. வெள்ளைப் பாவாடையெங்கும் பஞ்சு உருண்டைகள். தலையில் கிரணங்களாக விரியும் கம்பிகள், அவற்றின் முனைகளிலும் பஞ்சு. கையில் அதே போன்ற கோல். நடனமணிகள் அசையும்போது கம்பி நுனிகள் தாமாகவே நடுங்கும். உடல் நின்ற பின்னும் பனி நிற்காது. ஒரு பனித்துகளின் அமைப்பை இதைவிட எளிய பொருள்களால் மேடைக்குக் கொண்டுவந்தவர் இல்லை. அந்தக் கோல்கள் இன்றும் நியூயார்க்கில் பனிப்பெண்களின் கைகளில் இருக்கின்றன.

பாவாடையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1832இல் பாரிஸில் மரீ தாலியோனி 'லா சில்ஃபீட்' ஆடியபோது அணிந்த மணி வடிவ மஸ்லின் பாவாடைதான் நாம் டூட்டு என்கிறதன் மூதாய். அந்த மென்மைக்குக் கொடுத்த விலை கொடியது. மேடை விளக்குகள் அன்று எரிவாயுவில் எரிந்தன. 1862இல் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் நடனமணியின் பாவாடையில் தீப்பற்றியது. தீப்பிடிக்காமலிருக்கத் துணியை மருந்தில் தோய்க்கும் முறை அப்போதே இருந்தது. துணி விறைத்து நிறம் மங்குகிறது என்று அவள் மறுத்திருந்தாள். எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தாள். பாவாடை பின்னர் குட்டையானது அழகுக்காக மட்டுமல்ல. இத்தாலிய நடனமணிகள் கொண்டுவந்த வேகச் சுழற்சிகளும் நுனிக்கால் வித்தைகளும் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முழங்காலுக்கு மேல் ஏறி, கடைசியில் இடுப்பிலிருந்து தட்டையாக நீட்டி நிற்கும் வட்டமாகிவிட்டது.

ரஷ்யாவுக்கு வெளியே முழு 'நட்கிராக்கர்' 1934இல் லண்டனில் வந்தது. புரட்சிக்குப் பின் நாட்டை விட்டுப் போன நிக்கலாய் செர்கேயெவ், மரீன்ஸ்கியின் நடனக் குறிப்பேடுகளைக் கொண்டுபோயிருந்தார். அதை வைத்து அமைத்தார்கள். கிறிஸ்துமஸோடு அதைப் பிணைக்கும் வேலை மட்டும் அமெரிக்காவில்தான் நடந்தது. 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் வில்லம் கிறிஸ்டென்சன் முழுப் படைப்பையும் மேடையேற்றினார். போர்க்காலம். துணிக்குப் பஞ்சம், பணத்துக்கும் பஞ்சம். உடைப் பொறுப்பு ரஸல் ஹார்ட்லி என்ற இளைஞர் தலையில் விழுந்தது. கிடைத்த துணியை வைத்து, பழைய அரங்குத் திரையின் வெல்வெட்டைக் கூட வெட்டி, அவர் நூற்றுக்கும் மேற்பட்ட உடைகளை ஒப்பேற்றினார். திரைச்சீலையை இறக்கி உடுப்பாக்கிய அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். வசதியான அரசவையில் பிறந்த படைப்பு, வசதியே இல்லாத இடத்தில்தான் மக்களுடையதானது.

பிறகு ஜார்ஜ் பாலன்சின். சிறுவனாக மரீன்ஸ்கியில் இதே பாலேயில் எலியாகவும் இளவரசனாகவும் ஆடியவர். நியூயார்க் சிட்டி பாலேவுக்காக அவர் அமைத்த வடிவம் 1954 பிப்ரவரி 2ஆம் தேதி அரங்கேறியது. கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்து வாரம் கழித்து! செலவைக் கண்டு மிரண்ட நிர்வாகம் மரத்தைக் கைவிடலாமா என்று கேட்டதாகவும், மரம்தான் பாலே என்று அவர் அசையவில்லை என்றும் சொல்வார்கள். ஒரு டன் எடையுள்ள இன்றைய மரம் 12 அடியிலிருந்து சுமார் 40 அடி வரை எழும்புகிறது. 1957இலும் 1958இலும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டதும் அமெரிக்கக் குடும்பங்கள் இதைத் தங்கள் வீட்டுப் பண்டிகையில் சேர்த்துக்கொண்டன.

அதன் உடைகளைச் செய்தவர் பார்பரா கரின்ஸ்கா. என் கட்டுரை இவரைப் பற்றியதுதான் என்றாலும் தகும். 1886இல் கார்கிவ் நகரத்தில் பிறந்தார். எம்பிராய்டரியில் தொடங்கியவர். 1920களில் சோவியத் நாட்டை விட்டு வெளியேறிப் பாரிஸ், லண்டன் என்று தையற்கூடம் நடத்தி, 1939இல் நியூயார்க் சேர்ந்தார். 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 'நட்கிராக்கர்' செய்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது.

தட்டையாக விறைத்து நிற்கும் டூட்டுவுக்குள் ஒரு உலோக வளையம் இருக்கும். வரிசையாகப் பெண்கள் நெருங்கி ஆடும்போது வளையங்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் தூக்கும். கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டார். ஆறேழு அடுக்கு நெட் துணி மட்டும். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட அரை அங்குலம் நீளம். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபடி வேண்டுமென்றே விட்டது. அடுக்குகளை இணைக்கும் தையலும் தளர்வானது. பாவாடை இடுப்பிலிருந்து லேசாகச் சரிந்து, பவுடர் பூசும் பஞ்சைப் போலப் புசுபுசுவென்று நிற்கும். குதித்தால் தானும் குதிக்கும், இறங்கும்போது ஒரு கணம் பிந்தி இறங்கும். 1950இல் 'சிம்பனி இன் சி' பாலேவுக்காக அவர் கண்டுபிடித்த இந்த வடிவம் இன்று உலகமெங்கும் பரவிவிட்டது. உள்ளடுக்குகள் ஒரே நிறத்திலும் இருக்காது. மேலே ஒரு நிறம், அதற்கடியில் சற்று மாறிய சாயல், அடியில் இன்னொன்று. 'பூக்களின் வால்ட்ஸ்' நடனத்தில் சுழலும்போது இளஞ்சிவப்பு ஆழமாகி வெளிறி மீண்டும் ஆழமாகிறதே, அது விளக்கின் வேலையல்ல, துணியின் வேலை.

மேல்கச்சில் அவர் செய்ததைக் கேட்டால் நம் ஊர்ப் பெண்களுக்கு உடனே புரியும். பக்கவாட்டுத் துண்டுகளை நேர்நூலில் வெட்டாமல் கிராஸ் கட்டாக வெட்டினார். துணி உடலோடு ஒட்டியும் இருக்கும், ஆடுபவள் மூச்சை இழுத்தால் விரிந்தும் கொடுக்கும். வீட்டுப் பக்கத்துத் தையல்காரர் ரவிக்கைக்குச் செய்யும் அதே காரியம். ஆனால் அங்கே ஒரு பெண் விலா எலும்பு புடைக்க மூச்சு வாங்கியபடி ஒரே கால் நுனியில் நிற்கிறாள். அந்த இளக்கம் இல்லையென்றால் அவளால் அந்த நிலையைப் பிடிக்க முடியாது. பாலே உடை என்பதை அழகுப்பொருளாகப் பார்ப்பவர்கள் அது முதலில் ஒரு கருவி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாமே இளக்கமல்ல. மிட்டாய் நாட்டில் வரும் மதர் ஜிஞ்சரின் பாவாடை 9 அடி அகலம், 85 பவுண்டு எடை. கப்பி வைத்து மேலிருந்து இறக்கி ஆடுபவர்மேல் மாட்டுகிறார்கள். அதன் அடியிலிருந்து எட்டுக் குழந்தைகள் ஓடிவரும்போது அரங்கமே சிரிக்கும். அந்தக் குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டு அந்த உடை போதாது. ஒரே உடையை ஆண்டாண்டாக வெவ்வேறு அளவுள்ளவர்கள் போடுவதற்காக முதுகில் கொக்கிகளை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையாகத் தைப்பதும், டூட்டு தொய்யாமலிருக்க அதைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் பாலே உடை அறைகளின் அன்றாடம். நாள்தோறும் வியர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி இறுக்கப்படும் துணிகள் இவை.

மற்ற வடிவங்களில் எனக்குப் பிடித்தது லண்டன் ராயல் பாலேவுக்காக 1984இல் பீட்டர் ரைட் அமைத்தது. அதன் வடிவமைப்பாளர் ஜூலியா ட்ரெவெல்யன் ஓமன் பழைய ஜெர்மானிய நடுத்தரக் குடும்பத்தின் உடுப்பை ஆராய்ந்து, விருந்தாளிகளின் சட்டைக் கை மடிப்பு வரை அந்தக் காலத்தில் நிறுத்தினார். இந்த வடிவத்தின் முதல் பாகம் நியூயார்க்கைவிட உயர்ந்தது. வீடு உண்மையான வீடாக இருப்பதால் மரம் வளரும்போது நிஜமாகவே திகிலாகிறது. 1991இல் மார்க் மாரிஸ் 'தி ஹார்டு நட்' என்று ஒன்றைச் செய்தார். அதில் ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி டூட்டு அணிந்து கைநிறையப் பனியை வாரி வீசுவார்கள். கிண்டலாகத் தொடங்கி மிகவும் அழகாக முடிகிற இடம் அது.

இனிக்காத பகுதி ஒன்றும் உண்டு. தேநீருக்குச் சீனர், காபிக்கு அரேபியர் என்று 1892இன் ஐரோப்பியக் கற்பனை வகுத்த வேடங்கள் அப்படியே தொடர்ந்தன. தொங்கு மீசை, சாய்ந்த கண் ஒப்பனை, பொருத்தமில்லாத ஜப்பானிய முடியலங்காரம். 2017இல் நியூயார்க் சிட்டி பாலே தேநீர் நடனத்தில் மீசையையும் பொய் முடியையும் நீக்கி, சில அசைவுகளையும் மாற்றியது. அதே காலத்தில் ஃபில் சானும் நடனமணி ஜார்ஜினா பாஸ்கோகினும் இத்தகைய வேடங்களை நீக்கக் கோரித் தொடங்கிய முயற்சியால் வேறு பல குழுக்களும் மாறின. உடைதான் பொருளைச் சொல்கிறது என்றால், இழிவையும் உடைதான் சொல்லும். அதனால் இந்த மாற்றத்தில் மரபு ஒன்றும் கெடவில்லை. இசையும் நடனமும் முன்பைவிட நன்றாகத் தெரிகின்றன.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு பாலன்சின் வடிவத்தின் 1993ஆம் ஆண்டுத் திரைப்படம் இருக்கிறது. பனிக்காட்சி வந்ததும் முகங்களை விட்டுவிட்டுப் பாவாடை ஓரங்களைப் பாருங்கள். மேடையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஏறத்தாழ 50 பவுண்டு காகிதப் பனி கொட்டுகிறார்கள். கால் வழுக்கும், வாய்க்குள் போகும். அத்தனையிலும் அந்தப் பெண்கள் வேகத்தைக் குறைப்பதில்லை. அவர்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாயும்போது நெட் அடுக்குகள் பின்தங்கி வந்து சேருவதைக் கவனித்தால், இசையின் கடைசித் தாளம் முடிந்தபின் துணியில் இன்னொரு தாளம் இருப்பது தெரியும். நேரில் போகிறவர்கள் பின்வரிசை மேல்மாட டிக்கெட் கிடைத்தால் வருத்தப்பட வேண்டாம். பனிப்பெண்கள் போடும் கோலம் மேலிருந்துதான் முழுசாகத் தெரியும்.