வழியும் வலியும்

ஸ்மார்ட்போனின் கதையை 2007இல் வந்த ஐபோனிலிருந்து தொடங்குவது வழக்கம். தமிழனுக்கு அது முன்னரே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், கைபேசியில் தமிழ் எழுத 'செல்லினம்' என்ற செயலியை 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளியிட்டார்.

அதன் அருமையை உணர அன்றைய சங்கடங்கள் தெரிய வேண்டும். ஆரம்பகாலக் கருவிகள் பலவற்றில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. எழுத்துரு இருந்தாலும் போதாது. யூனிகோடில் முதலில் ககரம், பிறகுதான் கொம்பு. திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். இந்த இடமாற்றம் தெரியாத கருவி 'கெ'யைப் பிய்த்துப் போட்டது. ஐபோனில் 2014 வரை பிறர் செய்த விசைப்பலகைக்குப் பொது அனுமதி கிடையாது. செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்ட வேண்டும். பக்கத்து வீட்டின் வழியாக நம் வீட்டுக்குள் நுழைவது போலத்தான்.

இத்தனையும் தீர்ந்த பிறகு நாம் செய்வதென்ன? என் மருமகன் திருவனந்தபுரத்தில் மென்பொருள் எழுதுகிறவன். வடசேரியில் மூட்டுவலியோடிருக்கும் என் அக்காளுக்கு, "வலி எப்படி இருக்கு?" என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினான். அவள் அதை 'வழி' என்று வாசித்து, "குண்டும் குழியுந்தான், பாத்து வா மக்களே" என்று பதில் போட்டாள். மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கருவி இப்போது 'ழ' எழுதும். எழுத மாட்டேனென்பது நாம்தான்.